இருமும் கணினிக்கு உத்தரவாதத்தை நீட்டிக்கலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியின் உத்தரவாதத்தை நீட்டிக்கலாமா, வேண்டாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிப் பழக்கம், இணைய மோசடி என்று பெரிய விஷயங்களைப் பேசிவிட்டார்கள். என்னுடையது சின்ன விஷயம்தான். ஆனால், மூவாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய மடிக்கணினி கண் முன்னால் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், "உங்கள் உத்தரவாதம் இன்னும் 20 நாளில் முடிகிறது, 480 ரிங்கிட் கட்டினால் மேலும் இரண்டு ஆண்டு" என்று தொலைபேசியில் ஒரு குரல் சொன்னால், அன்று இரவு அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம் வேறு இருக்காது.

நான் படித்தது பொதுமக்கள் தொடர்பியல் டிப்ளோமா. கணினியைத் திறந்து பார்த்துப் பழுது சொல்லும் திறமை எனக்கு இல்லை. கேள்வி கேட்பது என் தொழில். நிபந்தனைத் தாள்களைக் கடைசி வரி வரை படிப்பது என் பழக்கம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் "வேண்டாம், காசு வீண்" என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறது. பிரிட்டனில் போட்டி ஆணையம் ஆராய்ந்து, இந்த வியாபாரத்தில் பயனீட்டாளருக்கு நியாயமான போட்டியில்லை என்று 2003ஆம் ஆண்டு முடிவு சொன்னது. 2005ல் வந்த ஆணைப்படி, அங்கே வீட்டு மின்சாதனங்களுக்குக் கூடுதல் உத்தரவாதம் வாங்கியவர், அதைப் பயன்படுத்தாத நிலையில் 45 நாளுக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். கடை முகப்பில் நிற்கும்போது நம் மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

காரணம் எளிது. உத்தரவாதம் விற்பவர் தர்மத்துக்கு விற்கவில்லை. நூறு பேரிடம் வசூலிக்கும் பணம், அந்த நூறு கணினிகளில் பழுதாகும் சிலவற்றைச் சரிபார்க்கும் செலவைவிட அதிகமாக இருந்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். இன்னொன்றும் உண்டு. பொறியியலில் குளியல் தொட்டி வளைவு என்பார்கள். எந்தப் பொருளும் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் அதிகமாகப் பழுதாகும். அதைத் தாண்டிவிட்டால் நீண்ட காலம் சமதளம். வயதானபின் மறுபடியும் பழுதுகள் ஏறும். தொட்டியின் முதல் மேட்டை நாம் விலையோடு சேர்த்து வாங்கிய உத்தரவாதமே பார்த்துக்கொள்ளும். நீட்டிக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதி தொட்டியின் அடிப்பகுதியில்தான் விழுகிறது.

இந்தக் கணக்கில் எனக்கும் சம்மதமே. ஆனால் இது நல்ல நிலையில் இருக்கும் கணினிக்கான கணக்கு. உங்கள் கணினி ஏற்கெனவே இருமத் தொடங்கிவிட்டது என்றால், நீங்கள் அந்த நூறு பேரின் சராசரியில் இல்லை.

கூகள் நிறுவனத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து எழுதியது அது. வட்டின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதன்முறையாகப் பிழை காட்டிய ஒரு வன்தட்டு, அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு, பிழை காட்டாத வட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இல்லை, 39 மடங்கு. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே போய்ச் சேர்ந்தன. ஆகவே இருமல் வந்தால் அலட்சியம் கூடாது. இருமல் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருக்க முடியாது. இன்றைய மடிக்கணினிகளில் அந்தச் சுழலும் வட்டு போய் எஸ்எஸ்டி வந்துவிட்டது. கருவி மாறினாலும், அறிகுறி காட்டும் பாகத்தைப் புதுப்பாகம்போல நினைக்க முடியாது.

அப்படியானால் உடனே பணத்தைக் கட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறேன். கையில் இருக்கும் உத்தரவாதத்துக்கு இன்னும் 20 நாள் உயிர் இருக்கிறது. அதற்கு நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது. அதை வேலை வாங்காமல் புதிய உத்தரவாதத்துக்குப் பணம் கட்டுவது, பானையில் சோறு இருக்கும்போது கடைக்குப் போய்ப் பொட்டலம் வாங்குவது போல.

நம் வீடுகளில் இது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "சின்னப் பிரச்சினைதானே, தேர்வு முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம். சேவை மையத்தில் கொடுத்தால் இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும்; அதுவரை பிள்ளை எதில் படிப்பது? 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு, ஒரே மடிக்கணினியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய குடும்பங்களை நாம் பார்த்தோம். வீட்டில் ஒரே ஒரு கணினி இருக்கிறவர்களுக்கு அதைப் பழுதுபார்க்க அனுப்புவதே ஒரு செலவு. இந்தச் சங்கடம் புரியாமல் "உடனே கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று சொல்வது சுலபம்.

என் அக்கா மகள் தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் படிப்புப் படிக்கிறாள். கடைசி ஆண்டு. அத்தான் லாரி ஓட்டுகிறவர். 3,200 ரிங்கிட் மடிக்கணினியைத் தவணையில்தான் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆண்டு உத்தரவாதம். பத்தாவது மாதத்தில் மதர்போர்டு போய், இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இருபத்து மூன்றாவது மாதத்தில் மறுபடியும் தானாக அணையத் தொடங்கியது. மூடியை அசைத்தால் திரை மினுக்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் கடையிலிருந்து 480 ரிங்கிட் அழைப்பு வந்தது. "சித்தி, கட்டிடலாமா? அப்பா கேட்கிறாரு" என்று என்னைக் கேட்டாள்.

முதலில் கோப்புகளையெல்லாம் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். சேவை மையத்துக்குப் போகும் கணினி நம் கோப்புகளோடு திரும்பி வரும் என்று எந்த நிறுவனமும் வாக்குக் கொடுப்பதில்லை. நான் படித்துப் பார்த்த எல்லா நிபந்தனைத் தாள்களிலும் இது எழுதியிருக்கிறது. பிறகு, தானாக அணைவதையும் திரை மினுக்குவதையும் கைத்தொலைபேசியில் படம்பிடிக்கச் சொன்னேன். நீலத் திரை வந்தால் அதிலுள்ள பிழைக் குறியீடு தெரியும்படி, தேதியோடு. என்னுடைய பழைய கணினியை அவளிடம் கொடுத்துவிட்டு, அவளுடையதைச் சேவை மையத்துக்கு அனுப்பினோம்.

நான்கு நாளில் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். விட்டு விட்டு வரும் பழுதுக்கு இதுதான் வழக்கமான பதில். மருத்துவரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுவதில்லையா, அதுபோல. அக்கா மகள் படக்காட்சியைக் காட்டினாள். மறுபடியும் வாங்கிச் சோதித்தார்கள். திரைக்குப் போகும் கம்பி கீல் பக்கம் தேய்ந்திருந்தது. எஸ்எஸ்டியில் பிழைகள் இருந்தன. இரண்டையும் மாற்றினார்கள். உத்தரவாதத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. ஒரு காசு செலவில்லை.

இந்த இடத்தில் ஒரு துணுக்கு. மாற்றிய பாகத்துக்குத் தனியாக 90 நாள் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் பல உண்டு. உங்கள் நிறுவனம் எப்படி என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அதன் பிறகுதான் நீட்டிப்பைப் பற்றி உட்கார்ந்து யோசித்தோம். கடைக்காரர் விற்ற 480 ரிங்கிட் திட்டத்தின் பின்னால் இருந்தது கணினித் தயாரிப்பாளர் இல்லை, வேறொரு நிறுவனம். அதன் நிபந்தனைத் தாளில் ஏழாவது வரியோ எட்டாவது வரியோ, "திட்டம் தொடங்கும் முன்பே இருந்த பழுதுகளுக்குப் பொறுப்பில்லை" என்று இருந்தது. இருமுகிற கணினி வைத்திருப்பவர்களுக்கு உயிர்நாடியே அந்த வரிதான். எந்தப் பயத்தால் பணம் கட்டுகிறீர்களோ, அந்தப் பயத்தையே அவர்கள் முன்கூட்டி விலக்கி வைத்துவிடுகிறார்கள். அதோடு பேட்டரி சேராது, தண்ணீர் கொட்டினால் சேராது, கீழே விழுந்தால் சேராது, மின்னலால் வரும் மின்அழுத்தம் சேராது. உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் நம் நாடும் ஒன்று. சாயங்கால மழையில் போன மோடங்களை நான் எண்ணிச் சொல்ல முடியாது. விசைப்பலகைக்குள் எறும்பு குடியேறுவதைப் பற்றித் தாளில் எதுவும் இல்லை. அதையும் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்.

தயாரிப்பாளரே விற்கும் நீட்டிப்பும் இருந்தது. ஓராண்டுக்கு 260 ரிங்கிட். அதில் பழைய உத்தரவாதம் இடைவெளியில்லாமல் தொடரும். இப்போது எந்தப் பாகத்துக்காகப் பயப்படுகிறோம் என்று கேட்டுப் பார்த்தோம். திரைக் கம்பி புதியது, எஸ்எஸ்டி புதியது. மிச்சமிருப்பது ஒருமுறை போன மதர்போர்டு. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் நினைவகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, இதுவும் அப்படித்தான். ஒன்று போனால் எல்லாமே போன மாதிரி. மாற்ற எவ்வளவு என்று சேவை மையத்தில் கேட்டோம்: 1,350 ரிங்கிட். 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் ஏறியது உங்களுக்குத் தெரியும். இந்தத் தொகை இறங்கும் என்று நம்ப இடமில்லை.

260 கட்டி 1,350ஐக் காப்பாற்றுவது லாபமா? கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் கணக்குப்படி லாபம். சராசரிக் கணினிக்கு ஓர் ஆண்டில் மதர்போர்டு போகும் வாய்ப்பு அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை போன பலகை, அதிலும் பயிற்சி ஆசிரியராகப் போகும் ஆண்டு, கணினி நின்றுவிட்டால் புதிதாக வாங்கத் தவணை பாக்கி முடியாத அப்பா. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து ஓராண்டுக்கு மட்டும் கட்டச் சொன்னேன். இரண்டாவது ஆண்டுக்கு வேண்டாம் என்றேன். நான்கு வயதுக் கணினியை 1,350 ரிங்கிட் போட்டு யாரும் பழுதுபார்க்க மாட்டார்கள். அதைக் காப்பாற்ற எதற்குப் பணம்? என் அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "260ஐ வங்கியில் போட்டு வை, பழுதானால் பார்க்கலாம்" என்பது அவருடைய வாதம். கையில் ஆயிரம் ரிங்கிட் மிச்சம் உள்ளவர்களுக்கு அவர் சொல்வதுதான் சரி. நீட்டிப்பு என்பது அந்த ஆயிரம் இல்லாதவர்களுக்கானது.

அதே நாளில் அத்தான் 230 ரிங்கிட்டில் வெளி வன்தட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். ஆய்வேடு, பாடத்திட்டம், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் ஏறின. என்னைக் கேட்டால், இரண்டு செலவில் ஒன்றுதான் முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. பலர் அதைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரே பழுது ஆயிரக்கணக்கான கணினிகளில் வந்தால், தயாரிப்பாளரே பணம் வாங்காமல் உத்தரவாதத்தை நீட்டித்த கதைகள் உண்டு. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் தன்னுடைய சில வரைகலைச் சில்லுகள் பழுதாவதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தச் சில்லு இருந்த சில மாதிரிகளுக்கு எச்பியும், டெல்லும் (12 மாதம்) கூடுதல் உத்தரவாதம் கொடுத்தன. 2018 ஜூனில் ஆப்பிள், தன் மேக்புக் கணினிகளில் ஒட்டிக்கொண்ட விசைப்பலகைகளை, வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்வதாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இண்டெல், பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் பலவற்றுக்கு இரண்டு ஆண்டு கூட்டிக் கொடுத்தது. அவை அளவுக்கு மீறிய மின்அழுத்தத்தால் நிலைகுலைந்தன. ஆகவே பணம் கட்டும் முன், உங்கள் மாதிரியின் பெயரையும் பழுதையும் தயாரிப்பாளரின் அகப்பக்கத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

சரி, உத்தரவாதமும் முடிந்தது, நீட்டிக்கவும் இல்லை, பழுது வந்துவிட்டது. அவ்வளவுதானா? இல்லை. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்தில் நீடித்து உழைப்பதும் அடக்கம். எவ்வளவு விலை கொடுத்தீர்கள் என்பதும் கணக்கில் வரும். கடைக்காரரின் அட்டையில் 12 மாதம் என்று அச்சடித்திருப்பதால் இந்த உரிமை பன்னிரண்டாவது மாதத்தோடு அழிந்துவிடாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியும் இதைப் பறிக்க முடியாது. மூவாயிரம் ரிங்கிட் கணினி பதினான்காவது மாதத்தில் செத்தால், "இதுதானா நீடித்து உழைப்பது?" என்று கேட்க உங்களுக்குச் சட்டப்படி இடமுண்டு.

கேட்குமிடம் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, அதாவது பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது வாங்கிய ரசீதும், ஒவ்வொரு முறையும் சேவை மையம் கொடுத்த சீட்டும்தான். "பழுது காணப்படவில்லை" என்று எழுதிய சீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெப்பத்தால் எழுத்து மங்கிவிடும் ரசீதுகளைப் படம்பிடித்து வையுங்கள்.

ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய் வாங்குகிறவர்களுக்கு அங்குள்ள சட்டம் வேறு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொதுவாக, வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படுகிறது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் அங்கே வாங்கியதற்கு இங்கே சேவை கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

லோ யாட் பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி உத்தரவாதம். எஸ்எஸ்டிக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு, சில ரேம் நினைவகங்களுக்கு ஆயுள் முழுக்க. கடைக்காரர் "முழுக் கணினிக்கும் நீட்டித்துத் தருகிறேன்" என்றால், ஏற்கெனவே உள்ளதையே மறுபடி விற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இடைவேளையில் ஓர் ஐயா என்னிடம் வந்து கேட்டார். அவருடைய மேசைக்கணினி 2017ல் வாங்கியது, அடிக்கடி நின்று போகிறது, ஆண்டுக்கு 300 ரிங்கிட் கட்டினால் பராமரித்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறாராம். ஐயா, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. உங்கள் கணினியில் இருக்கும் ஏழாம் தலைமுறைச் செயலிகளில் மிகச் சிலவற்றுக்கு மட்டுமே விண்டோஸ் 11ன் பட்டியலில் இடமுண்டு. உடம்புக்கு மருந்து வாங்கினாலும் அந்த வீட்டில் இனி அதிக நாள் குடியிருக்க முடியாது. கணினியைத் திறந்து தூசி தட்டி, காற்றாடியைத் துடைக்கச் சொல்லி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். சூட்டால்தான் நிற்கிறது என்றால் அதிலேயே சரியாகலாம். அப்படியும் நின்றால், படங்களையும் கடிதங்களையும் நகல் எடுத்துக்கொண்டு, அந்த 300 ரிங்கிட்டை அடுத்த கணினிக்கு எடுத்து வையுங்கள்.